சிறிது நேரத்தில் ஆரம்பமாகும்

பெப்ரவரி 3, செவ்வாய்

சபேசன் அண்ணை இன்றைக்குப் புது வேலை ஒன்று தந்தார். எங்களுடையது மரண அறிவித்தல் இணையத்தளம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் கண்ணை மூடினால் கனடாவில் இருக்கிற மருமகளுக்கும் நோர்வேயில் இருக்கிற பேரனுக்கும் செய்தி போவது எங்கள் வழியாகத்தான். மேலே படம், பிறகு மக்கள் மருமக்கள் பெயர்கள், கிரியை நேரம், அதற்குக் கீழே செத்தவீட்டை நேரடியாகக் காட்டுகிற நேரலைப் பெட்டி. ஊரில் என் வேலையைக் கேட்டால் "கொம்பியூட்டர்" என்று மட்டும் சொல்லிக்கொள்வேன். மிச்சத்தைச் சொன்னால் தருகிற தேத்தண்ணியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறார்கள்.

பழைய தளம் ஒவ்வொரு பக்கத்துக்கும் முழுதாகத் திரும்பத் திறக்கும். சரியான மெத்தனம். புதிதாகக் கட்டுவதில் ஒரு தரம் திறந்தால் போதும், பிறகு உள்ளே இருப்பது மட்டும் மாறிக்கொண்டே போகும். அதில் எனக்குத் தந்தது 'பகிர்' பொத்தான். அழுத்தினால், ஆள் பார்த்துக்கொண்டிருக்கிற பக்கத்தின் முகவரியை எடுத்து வட்சப்பில் அனுப்ப வேண்டும்.

"ஒரு பொத்தான்தானே தங்கச்சி, ரெண்டு நாளில முடியுமோ?" என்றார். ஒரு மணித்தியாலத்தில் முடியும். சொல்லவில்லை. சொன்னால் இன்னும் இரண்டு வேலை தலையில் விழும்.

அம்மா பின்னேரம் அரைக் கோப்பை கஞ்சி குடித்தார். மிச்சத்தை நான் குடித்தேன்.

பெப்ரவரி 5, வியாழன்

பொத்தான் முடிந்தது. தளம் திறக்கிற நேரத்திலேயே பக்கத்தின் முகவரியைக் கேட்டு எடுத்து வைத்துவிடுகிறது. யாராவது அழுத்தினால், எடுத்து வைத்ததைக் கொடுக்கிறது. ஒவ்வொரு தரமும் திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை. நாலைந்து அறிவித்தல்களை ஒவ்வொன்றாக நேரே திறந்து அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரியான முகவரி. சபேசன் அண்ணை தன் போனிலும் பார்த்தார்.

"வாசுகி செய்தா நான் ரெண்டாந்தரம் பாக்கத் தேவையில்லை" என்றார். சம்பளம் கூட்டாதவர்களுக்குப் புகழ்ச்சி நன்றாக வரும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

பாரிசிலிருந்து தம்பி எடுத்தான். துவாரகன் அங்கே போய் ஆறு வருஷமாகிறது. இன்னும் விசா இல்லை. ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவுகிறான். அகதிக் கேஸ் ஒரு தரம் நிராகரிக்கப்பட்டு, இப்போது அப்பீலில் நிற்கிறது. இந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே போக முடியாது, அவ்வளவு வருஷமும் ஆற்றில் கரைத்த புளி.

வீடியோவில் வரச்சொன்னான். அம்மா கையை ஆட்டி மறுத்துவிட்டார். குரலில் மட்டும் கதைத்தார்.

"முகத்தைக் காட்டுங்கோவன் அம்மா."

"முகத்தில என்ன பாக்கக் கிடக்கு? நீ சாப்பிட்டியோ?"

கதைத்து முடிந்ததும் போனை என்னிடம் தந்து, தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தார். மருந்துக்கு முடி கொட்டுவது எல்லோருக்கும் நடப்பதுதான். திரும்ப வளரும்.

பெப்ரவரி 12, வியாழன்

கிளினிக். டொக்டர் நல்ல மனுஷன். றிப்போட்டைப் பார்த்துவிட்டு, "இனி அம்மாவை இஞ்ச அலைக்கழிக்கத் தேவையில்லை. வீட்டில வைச்சுப் பாருங்கோ, கேக்கிறதைச் சாப்பிடக் குடுங்கோ" என்றார். கிளினிக்குக்கு அலைகிற பாடு குறைந்தது. ஊசியும் இனி இல்லையாம். வழியில் ஓட்டோக்காரரிடம் அதைச் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டினார். வீட்டு வாசலில் அம்மாவைத் தானே கைபிடித்து இறக்கிவிட்டார்.

அம்மா பால்புக்கை கேட்டார். செய்தேன். இரண்டு வாய்.

பெப்ரவரி 15, ஞாயிறு

துவாரகனோடு சண்டை. அவன் அறையில் கூட இருக்கிற பெடியனின் தகப்பன் போன கிழமை வட்டுக்கோட்டையில் மோசம்போய்விட்டாராம். அந்தப் பெடியனுக்கும் விசா இல்லை. செத்தவீட்டை எங்கள் தளத்தில்தான் பார்த்தானாம்.

"விடிய எழும்பித் தலை தோய்ஞ்சிட்டு, வேட்டி கட்டி, போனைக் கதிரையில சாத்திவைச்சிட்டு நிண்டவன் அக்கா. அங்க வாய்க்கரிசி போடேக்க இவனும் இஞ்ச ஒரு கோப்பையில அரிசி போட்டவன். ஐயர் பேரைக் கூப்பிட்டே சொன்னவர், தம்பி இப்ப போடும் எண்டு. நேரில நிண்ட மாதிரித்தான்."

"இப்ப ஏன் எனக்கு இதைச் சொல்லுறாய்?"

"சும்மா சொன்னனான். எனக்கும் அதுதானே விதிச்சிருக்கு. நேரத்துக்கு நிண்டாக் காணும்."

"விசர்க்கதை கதைக்காத" என்று வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். கால்வீக்கத்துக்கு எவனாவது வாய்க்கரிசியைப் பற்றிக் கதைப்பானா?

பெப்ரவரி 21, சனி

ஒரு குடும்பம் காலையிலிருந்து என் உயிரை எடுத்தது. அறிவித்தலில் மூத்த மருமகன் பெயர் இரண்டாவதாக வந்துவிட்டதாம். செத்த மனுஷனை விட மருமகன்மாரின் வரிசைக்குத்தான் கூட அழுகை. இதற்காகத்தான் வரைவுப் பக்கம் என்று ஒன்று வைத்திருக்கிறோம். அறிவித்தலை வெளியிடுகிறதுக்கு முதல் வீட்டுக்காரர் பார்த்துப் பெயர்களைத் திருத்துகிறதுக்கு. பார்க்க உண்மைப் பக்கம் மாதிரியே இருக்கும். படமும் பெயரும் நேரமும் அதேதான். கமரா மட்டும் அதனோடு பொருத்தியிருக்காது. நேரலைப் பெட்டி வெறுமையாகக் கிடந்தால் வடிவில்லை என்று சபேசன் அண்ணை சொன்னதால், அதற்குள் நான் ஒரு வரி போட்டேன்: 'நேரலை சிறிது நேரத்தில் ஆரம்பமாகும். தயவுசெய்து காத்திருங்கள்.'

பார்க்க லட்சணமாக இருந்தது.

பெப்ரவரி 26, வியாழன்

காஸ் முடிந்தது. விறகில் சமைத்தேன். புகைக்கு அம்மா இருமினார். கதவைச் சாத்திவிட்டுச் சமைத்தேன்.

மார்ச் 2, திங்கள்

"அந்த அரக்குச் சீலை கட்டி எடுத்த படம் எங்க பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"எதுக்கு?"

"சும்மா. அதில கொஞ்சம் வடிவா இருப்பன்."

அலுமாரியில் தேடி எடுத்தேன். அம்மா அதைக் கனநேரம் பார்த்துவிட்டு, "உன்ரை கொம்பியூட்டரில ஏத்தி வை" என்றார். ஏற்றி வைத்தேன். பழைய படங்கள் பழுதாகிப் போகும், ஏற்றி வைப்பது நல்லதுதான்.

மார்ச் 7, சனி

துவாரகன் மூன்று தரம் எடுத்தான். அம்மா நித்திரை என்றேன். பொய்யில்லை. இப்போது எந்த நேரமும் நித்திரைதான்.

"உண்மையைச் சொல்லு அக்கா. வரவேணுமெண்டா வாறன். கேஸ் போனாப் போகட்டும்."

பக்கத்தில் அம்மா கண்ணைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். வேண்டாம் என்று. அவனுக்குச் சொல்லக்கூடாது என்று இதற்கு முதலே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "கால்வீக்கம்தான்டா. கத்தாமல் வேலைக்குப் போ" என்றேன்.

வைத்த பிறகு அம்மாவின் கால்களைப் பிடித்துவிட்டேன். வீக்கமே இல்லை. எலும்புதான் கையில் பட்டது.

மார்ச் 10, செவ்வாய்

இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 11, புதன்

அம்மாவின் பக்கத்தை நானே செய்தேன். "நீ இரு தங்கச்சி, நான் செய்யிறன்" என்று சபேசன் அண்ணை வீட்டுக்கே வந்து கேட்டார். மறுத்துவிட்டேன். எத்தனை பேருடைய அம்மாமாருக்குச் செய்திருக்கிறேன், என் அம்மாவுக்கு இன்னொருவரா செய்வது? அரக்குச் சீலைப் படத்தைப் போட்டேன். மகன் துவாரகன் (பிரான்ஸ்), மகள் வாசுகி. மருமக்கள் என்ற வரியே இல்லை. வரிசைச் சண்டை பிடிக்க ஒருவரும் இல்லாத சின்ன அறிவித்தல்.

நேற்று துவாரகனுக்குச் சொன்னதும் நான்தான். அவன் அழவில்லை, ஏசவில்லை. ஏன் மறைத்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. "எத்தினை மணிக்கு அம்மாவை எடுக்கிறியள்?" என்றான்.

"வியாழன் பன்னிரண்டுக்கு. கிரியை ஒன்பதுக்குத் தொடங்கும்."

"இஞ்ச விடிய நாலரை. நான் நிப்பன். ஐயரிட்டச் சொல்லிவை, என்னைக் கூப்பிடச் சொல்லி."

வரைவைத் திறந்து, எழுத்துப்பிழை பார்த்து, 'வெளியிடு' கொடுத்தேன். உண்மைப் பக்கம் கண்முன்னே வந்தது. அப்படியே அந்த இடத்தில் வைத்துப் பகிர் பொத்தானை அழுத்தி அவனுக்கு அனுப்பினேன். சபேசன் அண்ணை வழமைபோல் தன் போனில் திறந்து ஊர் உலகத்துக்கு அனுப்புவார். அதற்கு முதல் என் தம்பிக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். உலகத்தில் முதல் ஆளாக அவனுக்கு.

மார்ச் 12, வியாழன்

எல்லாம் முடிந்தது.

ஒன்பதுக்கே ஐயர் வந்துவிட்டார். நேரலைக்காரப் பெடியன் பந்தலுக்குள் கமராவை வைத்து, ஆட்கள் மறைக்காமல் பார்த்துக்கொண்டான். போன்கள் எல்லாவற்றையும் பெரியம்மா வாங்கி அறைக்குள் வைத்துவிட்டார், செத்தவீட்டுக்குள் மணி அடிக்கக்கூடாது என்று. தம்பியின் இடத்தில் பெரியப்பாவின் மகன் கோபி அண்ணா நின்றார். வாய்க்கரிசி நேரம் ஐயர் கமராவைப் பார்த்து, "துவாரகன், இப்ப போடும் தம்பி" என்றார். சனம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வந்துவிட்டான் என்று இருந்தது. அம்மாவின் காதில், "தம்பியும் போட்டிட்டானம்மா" என்று சொன்னேன்.

சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. படலையில் நின்றேன்.

பின்னேரம் போனை எடுத்துப் பார்த்தேன். அவனிடமிருந்து செய்திகள்.

'அக்கா இன்னும் தொடங்கேல்லையோ'

'ஐயர் பிந்திட்டாரோ'

'கோல் எடுக்கப் பயமா இருக்கு, எடுத்தா பக்கம் போயிடும், தொடங்கிறது தெரியாமப் போயிடும்'

'அரிசி கையில வைச்சிருக்கிறன்'

'அக்கா'

மார்ச் 13, வெள்ளி

முதலில் அவனுடைய போன் பிழை என்று நினைத்தேன். பிறகு இன்டர்நெட். பிறகு கமராக்காரப் பெடியன். எல்லோரையும் மனதுக்குள் ஏசிவிட்டு, கடைசியில் நான் அனுப்பிய செய்தியைத் திறந்தேன். முகவரியின் நடுவில் 'வரைவு' என்று இருந்தது.

விளங்க ஒரு நிமிடமும் போகவில்லை. என் பொத்தான், நான் நிற்கிற பக்கத்தின் முகவரியைக் கொடுக்கவில்லை. நான் உள்ளே வந்த பக்கத்தின் முகவரியைக் கொடுத்தது. வரைவில் தொடங்கி, வெளியிட்டு, பக்கம் மாறியது. மேலே முகவரியும் மாறியது. நான் முதலிலேயே கேட்டு எடுத்து வைத்தது மாறவில்லை. அன்றைக்கு நாங்கள் பரிசோதித்தது எல்லாம் நேரே அறிவித்தலைத் திறந்து. ஒரு பக்கத்தில் தொடங்கி இன்னொரு பக்கத்துக்கு நடந்துபோய் அழுத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சபேசன் அண்ணை அனுப்பியதில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் செத்தவீடு சரியாகத் தெரிந்தது. கனடாவில் தூரத்துச் சித்தப்பா ஒருவர், அம்மாவோடு பத்து வருஷம் கதையாதவர், முழுவதும் பார்த்தாராம்.

என் தம்பி மூன்று மணித்தியாலம் வேட்டியோடு நின்று, அம்மாவின் படத்தையும் நான் எழுதிய ஒரு வரியையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

கோல் எடுத்தேன். "நான் அனுப்பின லிங்க் பிழை. நான் செய்த பொத்தான் பிழை" என்றேன்.

"சரி அக்கா."

"ஏசடா."

"சரி அக்கா, வேலைக்கு நேரமாகுது" என்றான்.

ஏசியிருந்தால் இன்றைக்கு ஒரு வாய் சோறாவது இறங்கியிருக்கும்.

மார்ச் 16, திங்கள்

சபேசன் அண்ணை வந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். பிறகு, "ரெக்கோடிங் இருக்குத்தானே தங்கச்சி. அதை அனுப்பிவிடன்" என்றார்.

அனுப்பினேன். மத்தியானம், அங்கே வேலைக்குப் போகிற வழியில் துவாரகன் எடுத்தான்.

"பாத்தியோ?"

"இல்லை அக்கா. அது முடிஞ்சதெல்லோ. முடிஞ்சதுக்கு நான் எப்பிடி அரிசி போடுறது?"

"ஐயர் உன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர். அதையாவது பார்."

"கூப்பிட்டவரோ?" என்றான். "அப்ப நான் இல்லையே" என்றான்.

இதை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. என் வாயைத் தைக்க வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

எட்டாம் நாள், எட்டுச் செலவு. அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும் என்றார்கள். கடைசி மாதத்தில் அம்மாவுக்கு எது பிடித்தது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் இரண்டு வாய்.

மார்ச் 24, செவ்வாய்

வேலைக்குப் போனேன். பொத்தானைத் திருத்தினேன். இனி அழுத்துகிற அந்த நொடியில் போய்க் கேட்கும், ஆள் இப்போது எங்கே நிற்கிறார் என்று. மாற்றியது ஒரே ஒரு வரி. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்தது. ஒவ்வொரு தரமும் கேட்பது வீண் வேலை என்று இந்தக் கொப்பியில்தான் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன். கிழிக்கவில்லை.

கழுவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நன்றாக அழுதேன்.

ஏப்ரல் 1, புதன்

துவாரகன் இப்போது கிழமைக்கு ஒரு தரம்தான் எடுக்கிறான். வேலை எப்படி என்றால் நல்லம். சாப்பாடு எப்படி என்றால் நல்லம். கோபம் என்றும் சொல்ல முடியவில்லை. வழியில் கண்ட ஊர்ச்சனத்தோடு கதைக்கிற மாதிரிக் கதைக்கிறான்.

ஏப்ரல் 9, வியாழன்

கீரிமலையில் அந்தியேட்டி. கோபி அண்ணாதான் எல்லாம் செய்தார். கமரா வைக்கவா என்று கேட்டார்கள். தம்பியிடம் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டான்.

அம்மா செத்து முப்பத்தொரு நாள். செத்து என்று இப்போதுதான் எழுதுகிறேன். பின்னால் புரட்டிப் பார்த்தேன், ஒரு இடத்திலும் எழுதவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறேன். செத்துப்போனார். செவ்வாய் விடிய, என் கையில். தண்ணி கேட்டார், கொண்டுவர முதல் போய்விட்டார். எனக்கு மாசியிலேயே தெரியும். ஓட்டோக்காரருக்கே தெரிந்திருந்தது.

ஏப்ரல் 10, வெள்ளி

அந்தியேட்டி முடிந்த அறிவித்தல்களின் வரைவை அழித்துவிடுவது எங்கள் வழக்கம். அம்மாவுடையதை நானே அழிப்பது என்று உட்கார்ந்தேன். அழிக்கிறதுக்கு முதல், எந்தெந்த நாள் எங்கிருந்து திறந்தார்கள், கடைசியாக எப்போது என்று தளம் காட்டும். கடைசியாகத் திறந்தது பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு முந்தைய திகதியாக இருக்கும்.

இன்று காலை என்று காட்டியது. பிரான்சிலிருந்து.

நேற்றும். அதற்கு முதல் நாளும். ஒரு நாள் தவறாமல்.

கோல் எடுத்தேன். சமையலறைச் சத்தத்துக்குள் நின்றான். "பொறு" என்று வெளியே வந்தான்.

"தம்பி, அந்தப் பழைய லிங்க்கை ஏன் திறக்கிறாய்? அதில ஒண்டும் வராதெண்டு சொன்னனான்தானே."

"தெரியும்."

"ரெக்கோடிங் அனுப்பினனான். அதில அம்மாவின்ரை முகம் வடிவாத் தெரியுது. அதை ஒருக்காலும் திறக்கேல்லை நீ."

"அதில அம்மாவை எடுத்திட்டியள்" என்றான். ரோட்டில் ஏதோ பஸ் போகிற சத்தம் கேட்டது. "வேலைக்குப் போக முதல் இதைத் திறந்து ஒருக்காப் பாப்பன். அம்மா அரக்குச் சீலையோட இருப்பா. கீழ எழுதிக் கிடக்கு, இன்னும் தொடங்கேல்லையெண்டு. எடுக்கேல்லை அக்கா, இதில இன்னும் எடுக்கேல்லை. அழிச்சுப்போடாத."

அழமாட்டேன் என்று இருந்தவன் அழுதான். முப்பத்தொரு நாளுக்குப் பிறகு. நான் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய?

ஏப்ரல் 13, திங்கள்

வருஷப் பிறப்புக்கு முதல் நாள். எங்களுக்கு இந்த வருஷம் இல்லை.

கந்தோரில் சபேசன் அண்ணை சொன்னார்: "வரைவில இருக்கிற அந்த வரியை மாத்து தங்கச்சி. இன்னொரு வீட்டுப் பிள்ளை இப்பிடி நிக்கக்கூடாது." சரிதான். புது வரி எழுதினேன்: 'இது வரைவு மாத்திரம். இந்தப் பக்கத்தில் நேரலை வராது.' சிவப்பில், பெரிதாக. எல்லா வரைவுக்கும் ஒரேயடியாக மாறும்படி வைத்தேன்.

பிறகு ஒன்றுக்கு மட்டும் மாறாதபடி வைத்தேன். அந்தியேட்டிக்குப் பிறகு அழிபடுகிறவற்றிலிருந்தும் அதை எடுத்துவிட்டேன்.

சபேசன் அண்ணை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்று யாருடையது என்று அவருக்குப் படத்திலேயே தெரிந்திருக்கும். "இது வேணுமெண்டு விட்டதோ, மறந்ததோ?" என்று கேட்டார்.

"வேணுமெண்டுதான் அண்ணை."

"சரி" என்று போய்த் தன் கதிரையில் இருந்தார்.

விடியப் புதுப் பதிப்பு ஏறும். அதற்குப் பிறகு எல்லா வரைவும் உண்மையைச் சொல்லும். அம்மாவுடையது மட்டும், துவாரகன் வேலைக்கு வெளிக்கிட முதல் திறக்கும்போது, கொஞ்சம் காத்திருக்கச் சொல்லும்.